நாலு மூலை மஞ்சள்

என் வீட்டுக்காரர் கலீல் ரஹ்மானுக்கு இரண்டு வேலை. ஒன்று சோறு போடுகிற வேலை; டவுன்ஹால் பக்கம் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறோம். இன்னொன்று சோற்றை மறக்கடிக்கிற வேலை. விண்வெளிக்குப் போய்வந்த தபால் கவர்களைச் சேர்க்கிறார். ராக்கெட்டில் ஏறி, மேலே நாலு சுற்று சுற்றி, மறுபடி பூமிக்கு இறங்கிய கவராக இருக்க வேண்டும். கூடப் போன வீரர்கள் அதில் கையெழுத்தும் போட்டிருக்க வேண்டும். கல்யாணமான புதிதில், "மனுசன் போனாச் சரி, காலிக் கவர் எதுக்குங்க அங்க போகோணும்?" என்று கேட்டேன். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்றார். அன்றிலிருந்து அந்த அலமாரியை மட்டும் நான் துடைப்பதில்லை. கழுதை எதற்குத் துடைக்க வேண்டும்?

அந்த அலமாரியில் ராஜா மாதிரி ஒரு கவர் இருந்தது. எங்கள் மகள் ஹிபா பிறந்த வருஷம் வாங்கியது. அவள் இப்போது காலேஜ் போகிறாள். ரஷ்யர்களின் விண்வெளி நிலையத்தில் மூன்று பேர் மாதக்கணக்கில் இருந்துவிட்டுத் திரும்பும்போது கூடவே வந்த கவர். நிலையத்திலேயே குத்திய முத்திரை அதில் உண்டு. கேப்டன் லுஸ்கின் கையெழுத்து இருக்கிறது, தெம்னோவ் என்பவர் கையெழுத்தும் இருக்கிறது. மூன்றாமவர் ரெஸ்னிக்கோவ் கையெழுத்து மட்டும் இல்லை. முதல் இரண்டு பேரும் செத்துப்போனார்கள். மூன்றாமவர் உயிரோடு இருக்கிறார், ஆனால் யார் கடுதாசிக்கும் பதில் போடாத மனுஷன் என்று சேகரிப்பவர்கள் மத்தியில் பேர் எடுத்தவர். என் வீட்டுக்காரர் எத்தனையோ தடவை எழுதிப் பார்த்தார். போன கடுதாசி எல்லாம் போனதுதான். அந்த ஒரு கையெழுத்து கிடைத்தால் கவர் முழுசாகிவிடும், மௌத்தாகிறதற்குள் அதைப் பார்த்துவிட்டால் போதும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு எரிச்சலாக வரும். பெற்ற மகளுக்குக்கூட இந்த மனுஷன் இப்படி ஏங்கியதில்லை.

(பேரெல்லாம் மாற்றித்தான் சொல்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.)

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பொய்க் கையெழுத்து என்றால் இவருக்கு ஆகவே ஆகாது. விண்வெளி வீரர்களுக்கு வருகிற கடுதாசிகளுக்கு எல்லாம் அவர்களே கையெழுத்துப் போட முடியாது என்று, பேனாவைப் பிடித்து எழுதுகிற மெஷின் வைத்திருந்தார்களாம். ஈரோட்டு மஞ்சள் மண்டி கோபாலசாமி அண்ணன், இவருடைய பழைய சிநேகிதர், சேகரிப்பாளர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு விண்வெளி வீரர் கையெழுத்துப் போட்ட போட்டோவை ஆசை ஆசையாகக் கொண்டுவந்து காட்டினார். இவர் தன்னிடமிருந்த, அதே வீரர் கையெழுத்துள்ள இன்னொரு போட்டோவை அதன்மேல் வைத்து, டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஒரு கோடு பிசகாமல் இரண்டு கையெழுத்தும் ஒன்றாகவே இருந்தன. "மனுசன் ரெண்டு தடவ ஒரே மாதிரி போட மாட்டானுங்க. இது மெஷின். இதைக் கொண்டாந்து காட்டறதுக்கு வெக்கமா இல்லீங்களா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். கோபாலசாமி அண்ணன் போட்டோவைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனவர்தான். அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. பெருநாளுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். நான் இவரைத் திட்டினேன். "உண்மையச் சொன்னா உனக்கென்ன?" என்றார்.

கடையில் எங்களுக்குக் கை கொடுப்பவர் கருப்பாத்தாள் அக்கா. அன்னூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். பத்திரிகையை மடிப்பது, உறையில் போடுவது, நாலு மூலையிலும் மஞ்சள் வைப்பது எல்லாம் அவர் வேலை. முன்னெல்லாம் வீட்டில் உட்கார்ந்து குடும்பமே மஞ்சள் வைக்கும். இப்போது யாருக்கு நேரமிருக்கிறது? "நீங்களே வெச்சுக் குடுத்துருங்க பாய்" என்று சொல்லிவிடுகிறார்கள். அக்கா மோதிர விரலால் தொட்டு வைத்தால் உறை நனையாது, வழியாது, நாலு மூலையும் ஒரே அளவாக இருக்கும். ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. அவர் வீட்டுக்காரர் தவறிப் பல வருஷமாகிறது. தாலியறுத்தவர் கை கல்யாணப் பத்திரிகையில் படலாமா என்று கேட்கிற ஊர் இது. அதனால் அக்கா பின்கட்டில் திரைக்கு அந்தப் பக்கம்தான் உட்காருவார். சில வாடிக்கையாளர்கள், அதுவும் பெண்பிள்ளைகள், பத்திரிகைக் கட்டை வாங்கும்போது குரலைத் தாழ்த்தி, "சுமங்கலி கைதானுங்களே?" என்பார்கள். இவர் பொய் சொல்ல மாட்டாரே! "நல்ல கைங்க" என்பார். அவர்களும் தலையாட்டிவிட்டு வாங்கிப் போவார்கள். இத்தனை வருஷமாக அந்த இரண்டு வார்த்தையில்தான் எங்கள் கடை ஓடியது. அதைப் பற்றி அக்காவும் பேசியதில்லை, நாங்களும் பேசியதில்லை.

அப்படியிருக்க, அந்த ரெஸ்னிக்கோவ் கோயமுத்தூருக்கே வருகிறார் என்று சேதி வந்தது. கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் விழாவாம், அதற்குச் சிறப்பு விருந்தினராம். மொழிபெயர்க்கப் போகிறவள் டீனா. ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்த பெண், அவள் கல்யாணப் பத்திரிகை எங்கள் கடையில்தான் அடித்தது. "விழா முடிஞ்சதும் கொஞ்ச நேரம் பேச ஏற்பாடு பண்றேன் அங்கிள்" என்றாள். இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கறுப்புப் பேனா ஐந்தாறு வாங்கிவந்து, எதில் மை பரவுகிறது, எதில் பரவவில்லை என்று எங்கள் ரேஷன் கடை ரசீதில் எல்லாம் எழுதிப் பார்த்தார். விழாவுக்கு முந்தின நாள், "நாளைக்கு நல்ல காரியங்க. நல்லபடியா முடியோணும்" என்று கடைக்கு வருகிற போகிறவரிடமெல்லாம் சொன்னார். திரைக்குப் பின்னால் அக்காவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை அன்று சாயங்காலம் நடந்தது. இவர் கவரை அதன் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, நாளைக்கு எந்த இடத்தில் கையெழுத்து வாங்கலாம் என்று பார்த்துவிட்டு, பின்கட்டு மேஜையில் ஒரு வெள்ளை அட்டை மேல் வைத்தார். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லவே பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால், விண்வெளிக்குப் போய்வந்த கவரின் நாலு மூலையிலும் மஞ்சள்! அளவாக, அழகாக, வழியாமல்.

கத்தினார் பாருங்கள், எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "யாரைக் கேட்டுங்க இதுல கைய வெச்சீங்க?"

"நாளைக்கு நல்ல காரியத்துக்குப் போவுதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றார் அக்கா. அப்புறம் தன் விரலைப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. "தப்புதானுங்க பாய். நல்ல காரியத்துல என்ற கை பட்டிருக்கக் கூடாதுங்க." குழாயில் கையைக் கழுவினார், சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு அன்னூர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பஞ்சைத் தொட்டுத் தொட்டு ஒற்றிக்கொண்டிருந்தார். "ஏனுங்க, அவங்க என்ன நெனச்சுட்டுப் போறாங்கன்னு தெரியுதுங்களா?" என்று கேட்டேன். "என்ன நெனச்சாங்க? கவர் பாழாயிருச்சுன்னு நெனச்சாங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்க தலை. தாலியறுத்தவ கை பட்டதுக்குக் கத்துறீங்கன்னு நெனச்சுட்டாங்க" என்றேன். அப்போதுதான் பஞ்சைக் கீழே வைத்தார்.

துணியில் பட்ட மஞ்சள் என்றால் வெயிலில் போட்டால் போய்விடும். துவைக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெயிலில் வைத்தால் அந்தப் பழைய கையெழுத்துகளும் சேர்ந்து வெளுத்துவிடுமாம். ஆகக்கூடி, மஞ்சளோடுதான் மறுநாள் கிளம்பினோம். நானும் போனேன். இத்தனை வருஷமாக என் வீட்டைப் பிடித்து ஆட்டுகிற அந்த மனுஷன் மூஞ்சியை ஒரு தடவை பார்க்க வேண்டாமா?

பார்த்தால் சாதாரண ஆள். எண்பதை நெருங்குகிற கிழவர். விழாவில் போர்த்திய பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பிரின்ஸ்பால் அறையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். இவர் கவரை நீட்டினார். கிழவர் முதலில் பார்த்தது மஞ்சளைத்தான். இது என்ன என்று கேட்டார்.

இங்கேதான் என் வீட்டுக்காரர் என்னை ஆச்சரியப்படுத்தினார். ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "டீனா, சரியாச் சொல்லும்மா. நல்ல சேதி கொண்டுபோற காயிதத்துக்கு எங்க ஊர்ல நாலு மூலையிலயும் மஞ்ச வெப்பாங்க. எங்க கடையில வேலை செய்யற அக்கா, நான் நல்லபடியா போய்வரோணும்னு வெச்சுட்டாங்க. ஊர் வழக்கப்படி அவங்க வெக்கக் கூடாது, அவங்க புருஷன் இல்லை. ஆனா எங்க கடையில இருந்து போற அத்தன பத்திரிகைக்கும் அவங்கதான் வெக்கறாங்க. கேட்டா நாங்க சொல்றதில்லை. நேத்து நான் கவர் போச்சேன்னு கத்திப்போட்டேன். அவங்க வேற மாதிரி நெனச்சுட்டுப் போயிட்டாங்க. அது ராத்திரியெல்லாம் உறுத்துது." இதையெல்லாம் எதற்கு அந்த ரஷ்யக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது போல.

டீனா சொல்லச் சொல்ல, கிழவர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கவரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கேப்டன் லுஸ்கின் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். மெல்ல ஏதோ சொன்னார். டீனா ஒரு தடவை அவரிடம் திருப்பிக் கேட்டுக்கொண்டாள்.

"அங்கிள், இது கேப்டன் போட்டதில்லையாம். இவர் போட்டதாம்."

இறங்கின அன்றைக்குக் கேப்டனுக்குக் கை நடுக்கம் நிற்கவில்லையாம். பேனாவையே பிடிக்க முடியவில்லை. டாக்டர்கள் கண்ணில் பட்டால் அந்த ஆளை அதோடு பறக்கவிட மாட்டார்கள். கவர்க் கட்டு கையெழுத்துக்கு வந்தபோது, கேப்டன் பேரைக் கிழவரே எல்லாவற்றிலும் போட்டுக் கொடுத்தார். கடைசிச் சில கவர்களில் தன் பேரைப் போடுவதற்குள் டாக்டர்கள் வந்து கூட்டிப் போய்விட்டார்கள். அந்தச் சிலவற்றில் ஒன்றுதான் இது. கேப்டனுக்கு நடுக்கம் அப்புறம் சரியானது, இன்னொரு தடவை விண்வெளிக்கும் போனார். இத்தனை வருஷத்தில் இதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை என்றார் கிழவர். அந்தக் கையெழுத்து கோணலாக இருப்பதற்கு, எடையில்லாத இடத்தில் இருந்துவிட்டு வந்ததால் கை பழக்கம் தப்பிவிட்டது என்று என் வீட்டுக்காரரும் அவருடைய கூட்டாளிகளும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. இந்த மனுஷன் எதற்காக இத்தனை காலம் காத்துக் கிடந்தாரோ, அந்தக் கை முதல் நாளிலிருந்தே அவர் அலமாரிக்குள்தான் இருந்திருக்கிறது. இல்லாதது கேப்டன் கைதான். அதை இனி எந்தக் கொம்பனாலும் வாங்க முடியாது. கவர் இனி முழுசாகவே ஆகாது.

"இப்ப என் பேர்ல போடட்டுமா, வேண்டாமா? கேப்டன் விஷயத்தை வெளிய எழுதறதும் எழுதாததும் உன் இஷ்டம்" என்று கிழவர் கேட்டதாக டீனா சொன்னாள். அவர் பேரில்தான் போடச் சொன்னார் இவர். கிழவர் தெளிவாகக் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதிக் கொடுத்தார். காரில் வரும்போது அந்தக் கிழவர் மேல்தான் எனக்கு ஆத்திரம். வாயை மூடிக்கொண்டு போட்டுக் கொடுத்திருந்தால் என் வீட்டுக்காரர் சாகிறவரைக்கும் சந்தோஷமாக இருந்திருப்பாரே.

மறுநாள் காலையிலேயே கடையைத் திறக்காமல் அன்னூர் பஸ் ஏறினோம். அக்கா வாசலில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்தார்.

"ஏனுங்க்கா, உங்க கையில ஒரு குத்தமும் இல்லீங்க" என்றார் இவர். "அந்தக் காயிதத்துல எது பட்டாலும் போகாதுங்க. என்ற கையே பட்டிருந்தாலும் கத்தியிருப்பேனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"அந்த வெள்ளக்காரரு கையெழுத்துப் போட்டாருங்களா?" என்று கேட்டார் அக்கா.

"போட்டாருங்க."

"அப்பறம் என்னுங்க! உள்ள வாங்க, காப்பித்தண்ணி குடிச்சுப்போட்டுப் போலாம்."

அடுத்த மாதம் கோயமுத்தூரிலேயே அஞ்சல்தலைக் கண்காட்சி. இவர் கவருக்குத் தங்கப் பதக்கம் நிச்சயம் என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். ரெஸ்னிக்கோவ் கையெழுத்து வாங்கிய சேதி ஊரெல்லாம் பரவியிருந்தது. ஆனால் போட்டியில் வைக்கிற ஒவ்வொரு கவருக்கும் கீழே, யார் யார் கையெழுத்து, எப்போது போட்டது என்று தெரிந்ததை எல்லாம் எழுத வேண்டும். தெரிந்தே மறைத்தால் அது இவர்கள் உலகத்தில் பெரும் பாவம். அந்தப் பாவத்துக்காகத்தான் ஒரு சிநேகிதரையே இழந்தார். வெள்ளைத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுதினார், கிழித்தார். மறுபடி எழுதினார்.

"எழுதிப்போட வேண்டியதுதானுங்களே. நீங்கதான் உண்மை விளம்பியாச்சே" என்றேன். கொஞ்சம் குத்தலாகத்தான் சொன்னேன்.

"எழுதினா அந்தக் கேப்டன் கை நடுங்கினது ஊர் பூரா தெரியுமல்ல? அதுக்காகவா அந்தப் பெரியவரு இத்தன நாள் மூடி வெச்சாரு?"

"அப்ப எழுதாம வெய்யுங்க. பதக்கம் கெடைக்கும்."

"எழுதாம வெச்சா கோபாலசாமியப் பேசினதுக்கு நான் என்ன மனுசன்?" என்றார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கடைசியில் அந்தத் தாளில் இரண்டே வார்த்தை எழுதினார்: போட்டிக்கு அல்ல. போட்டியில் இல்லாத கவருக்கு விவரம் எழுத வேண்டியதில்லை, பதக்கமும் கிடையாது. இத்தனை காலமும் கழுதையாக இருந்தவள்தான் நான். ஆனால் அந்தப் பதக்கத்தை அவர் கையில் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

கண்காட்சிக்குக் கருப்பாத்தாள் அக்காவையும் கூட்டிப் போனேன். "என்னையெல்லாம் எதுக்குங்க?" என்று இழுத்தவரை நான் விடவில்லை. எங்கள் கவர் முன்னால் நல்ல கூட்டம். எல்லோரும் மஞ்சளைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். "அய்யோ, எல்லாரும் அதையே பாக்கறாங்களே" என்று அக்கா என் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோபாலசாமி அண்ணன் வந்தார். தலை முழுக்க நரைத்துப்போயிருந்தது. கையில் பூதக்கண்ணாடி. இவரைப் பார்க்காத மாதிரி நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குப் போய்க் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். முதலில் 'போட்டிக்கு அல்ல' என்பதைப் படித்தார். அப்புறம் ரெஸ்னிக்கோவ் கையெழுத்து, அப்புறம் லுஸ்கின் கையெழுத்து, மறுபடி ரெஸ்னிக்கோவ். பேனா வளைகிற இடம் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்ததோ என்னவோ, அவர் கண்ணாடி அந்த இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வந்தது. பழைய கணக்கைத் தீர்க்க இதைவிட நல்ல நாள் அவருக்கு அமையாது. சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள்.

அவர் நிமிர்ந்தார். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் இவர் முகத்தைப் பார்த்தார். கேப்டன் பேரின் மேல், கண்ணாடிக்கு வெளியே, விரலை வைத்தார்.

"ஏனுங்க பாய், இது யாரு கைங்க?"

கூட்டம் இவர் வாயைப் பார்த்தது. பொய் சொன்னால் தப்பிக்கலாம். உண்மையைச் சொன்னால் செத்தவர் மாட்டிக்கொள்வார். இவர் கோபாலசாமி அண்ணனை நேராகப் பார்த்தார். கடையில் சொல்கிற அதே குரலில், தாழ்த்தாமல், உயர்த்தாமல் சொன்னார்:

"நல்ல கைங்க."

கோபாலசாமி அண்ணன் பூதக்கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "மஞ்ச எங்க மண்டிச் சரக்காட்டம் தெரியுதுங்களே" என்றார். இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆமாம், அந்தக் காலிக் கவருக்கு முன்னால் நின்றுகொண்டுதான் அழுதேன். பின்னாலிருந்து கருப்பாத்தாள் அக்கா என் முந்தானையை இழுத்தார். கோபாலசாமி அண்ணன் விரல் வைத்த இடம் அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது நாலு மூலையைத்தான்.

"அம்மணி, பாய் என்னையவா சொன்னாரு? இத்தன பேரு முன்னாலயா?"

"ஆமாங்க்கா" என்றேன். "உங்களையுந்தான்."